எப்போது நிறுத்துவது? கைரோபிராக்டிக் முதுகுச் சிகிச்சை நெறிமுறைகளும் தொழிலுக்குள் நடக்கும் பூசலும்

1. கேள்வியும் எல்லையும்

கீழ்முதுகு வலியோடு வருபவருக்கு முள்ளெலும்புகளைக் கையால் அழுத்தியும் திருகியும் சிகிச்சை தரும் தொழில் கைரோபிராக்டிக். அமெரிக்காவில் பிறந்த இத்தொழில் இன்று அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் உரிமத்தோடு நடக்கிறது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, டென்மார்க் ஆகிய நாடுகளிலும் அதற்குச் சட்ட அங்கீகாரம் உண்டு. 1990களின் தொடக்கத்திலிருந்து இதற்கெனச் சான்றின் அடிப்படையில் நெறிமுறைகள் எழுதப்பட்டு வருகின்றன. அவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் கைரோபிராக்டர்கள். அவற்றைக் கடுமையாக எதிர்த்தவர்களும் கைரோபிராக்டர்களே.

அறிவியலை ஏற்போர் ஒரு பக்கம், பழைய நம்பிக்கையை விடாதோர் மறுபக்கம் என்று இந்தப் பூசலை விளக்குவது வழக்கம். அந்த விளக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் எதிரெதிர்த் தரப்புகளின் ஆவணங்களை அருகருகே வைத்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. கைச்சிகிச்சை முதுகுவலிக்கு உதவுமா என்பதில் இரு தரப்புக்கும் பெரிய சண்டை இல்லை. இத்தனை வாரத்துக்குள் முன்னேற்றம் தெரியாவிட்டால் சிகிச்சையை நிறுத்த வேண்டும் என்று ஓர் ஆவணம் சொல்லும்போதுதான் சண்டை மூள்கிறது. இதை நிறுத்தும் விதி என்று அழைக்கிறேன். கைரோபிராக்டிக் நெறிமுறைகளைப் பற்றிய கருத்து வேறுபாட்டின் மையம் இந்த விதிதான் என்பதும், இதே விதி அறுவை மருத்துவரையும் வலிநிவாரண மருத்துவரையும் அதே அளவுக்குக் கொதிக்க வைத்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம். கழுத்துச் சிகிச்சையின் அபாயங்கள், குழந்தைகளுக்கான சிகிச்சை ஆகியவை தனி ஆய்வுக்குரியவை. இங்கே பேசப்படுவது கீழ்முதுகு மட்டுமே.

2. பிளவின் வேர்

1895இல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் இத்தொழிலைத் தொடங்கினார். முள்ளெலும்பு சற்றே இடம் பிசகி நரம்பின் வேலையைத் தடுப்பதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. அந்தப் பிசகுக்குச் சப்லக்ஸேஷன் என்று பெயர். அவருடைய மகன் பி. ஜே. பால்மர் அதை ஒரு பெரும் நிறுவனமாக வளர்த்தார். பிசகைச் சரிசெய்வது ஒன்றே தொழிலின் வேலை என்று நின்றவர்கள் 'நேர்வழியார்' எனப்பட்டனர். உடற்பயிற்சி, உணவு, பிற சிகிச்சைகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டவர்களுக்குக் 'கலப்பார்' என்ற பெயர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விழுந்த அந்தப் பிளவு இன்னும் மூடவில்லை.

இதை வெறும் தத்துவ வேறுபாடாகக் கருதிவிடக்கூடாது. வலியைக் குறைப்பதற்காகச் சிகிச்சை என்றால், வலி குறைந்ததும் சிகிச்சை முடிகிறது. குறையவே இல்லையென்றால், தோல்வியை ஒப்புக்கொண்டு வேறிடம் அனுப்ப வேண்டியிருக்கிறது. பிசகைச் சரிசெய்வதற்காகச் சிகிச்சை என்றால் நோயாளியின் வலி ஓர் அளவுகோலே இல்லை. வலி இல்லாதவருக்கும் பிசகு இருக்கலாம், வலி போனபின்னும் அது மிச்சமிருக்கலாம். அது இருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடியவரோ சிகிச்சை தருபவர் ஒருவர்தான். முதல் கொள்கைக்குள் நிறுத்தும் விதி இயல்பாகவே அடங்கியிருக்கிறது. இரண்டாவதில் அதற்கு இடமே கிடையாது.

வெளியிலிருந்து வந்த அழுத்தமும் இந்தப் பிளவை இறுக்கியது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் போலி மருத்துவ ஒழிப்புக்கென ஒரு குழுவை அமைத்து, கைரோபிராக்டிக்கை ஒழிக்க முனைந்தது. செஸ்டர் வில்க்கும் சகாக்களும் 1976இல் தொடுத்த வழக்கில், 1987ஆம் ஆண்டு நீதிபதி சூசன் கெட்சென்டானர் அச்சங்கம் போட்டித் தடுப்புச் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பளித்தார். 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தங்களை ஒழிக்க ஒரு முயற்சி நடந்தது என்பது நீதிமன்றத்தில் நிரூபணமான ஒரு தொழிலிடம், தீர்ப்பு வந்த சூடு ஆறுமுன்பே, உங்கள் சிகிச்சைக்கு வரம்பு எழுதுங்கள் என்று கேட்கப்பட்டது. அந்த வரலாற்றை அறியாமல் அவர்களுடைய சந்தேகத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

3. மெர்சி மாநாடு

1992 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே பர்லிங்கேம் என்ற ஊரின் மெர்சி மையத்தில் 35 பேர் கொண்ட குழு கூடியது. நரம்பியல் மருத்துவராகவும் கைரோபிராக்டராகவும் பயின்ற ஸ்காட் ஹால்டுமன் தலைமை வகித்தார். நோயாளியின் வரலாற்றைக் கேட்பது முதல் பதிவேடு எழுதுவது வரை, தொழிலின் ஒவ்வொரு செயலையும் எடுத்து அதற்கு என்ன சான்று இருக்கிறது, சான்று இல்லாத இடத்தில் எவ்வளவு ஒத்த கருத்து இருக்கிறது என்று தரம் பிரித்தார்கள். 1993இல் அது நூலாக வந்தது. மறு ஆண்டு கனடாவும் இதே வழியில் தனக்கென ஒன்றை வெளியிட்டது.

மெர்சி நூலில் பலரையும் உறுத்திய பகுதி சிகிச்சையின் கால அளவைப் பற்றியது. ஒரு வகைக் கைச்சிகிச்சையை இரண்டு வாரம் தந்து பார்க்கலாம். பலன் இல்லையென்றால் வேறொரு வகையை இன்னும் இரண்டு வாரம் தரலாம். இந்த நான்கு வாரத்துக்குள் பதிவேட்டில் காட்டக்கூடிய முன்னேற்றம் இல்லாவிட்டால் கைச்சிகிச்சை இனிப் பொருந்தாது. அதன் சாரம் இவ்வளவுதான். அதுவரை தொழிலின் சார்பில் எழுதப்பட்ட எதிலும் இத்தனை தெளிவான நிறுத்தும் விதி இருந்ததாகச் சொல்ல முடியாது.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. பழைய நேர்வழி மரபைச் சேர்ந்த பன்னாட்டுக் கைரோபிராக்டர் சங்கமும் உலகக் கைரோபிராக்டிக் கூட்டணியும் அதை ஏற்க மறுத்தன. அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று வலுவானது. இந்த எண்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளும் என்று அவர்கள் எச்சரித்தார்கள். அப்படியே நடந்தது. உரிமைகோரல்களைச் சரிபார்ப்போர் நெறிமுறையின் பரிந்துரையை விதியாக்கி, எண்ணிக்கை தாண்டிய பில்லைத் திருப்பியனுப்பினார்கள். வேறு நோய்களும் உள்ளவர், பலமுறை வலி திரும்பி வந்தவர் ஆகியோருக்கு நாள் கூடுதலாகும் என்று அதே நூல் சொல்லியிருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. நெறிமுறையை எழுதியவர்களுக்கு இதில் பங்கில்லை என்று கைகழுவிவிட முடியாது. பணம் கொடுப்பவர் படிப்பார் என்று தெரிந்தே எழுதப்படும் ஆவணத்தில், விதிவிலக்குகள் விதிக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

ஆனால் எதிர்ப்பாளர்கள் எழுதிய மாற்று ஆவணத்தைப் படிக்கும்போது அனுதாபம் குறைகிறது. 1995இல் அமைந்த கைரோபிராக்டிக் நடைமுறைக் குழு 1998இல் தன் நெறிமுறையை வெளியிட்டது. அதன் பொருளே சப்லக்ஸேஷன்தான். சிகிச்சையின் கால அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்றும், பிசகின் அறிகுறிகள் குறைந்து மறைவதைப் பொறுத்தே வருகைகளை முடிவுசெய்ய வேண்டும் என்றும் அது கூறியது. எண் எதுவும் இல்லை. வலி குறையாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் இடமில்லை. அரசு நடத்திய தேசிய நெறிமுறைத் தொகுப்பகம் இந்த ஆவணத்தையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஒரே தொழிலுக்கு, ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு நெறிமுறைகள் அப்படித்தான் அக்கம்பக்கமாக வாழத் தொடங்கின.

இதே கதை 2006இல் மீண்டும் நடந்தது. கைரோபிராக்டிக் நெறிமுறைகள் மற்றும் நடைமுறை அளவைகள் மன்றம், கீழ்முதுகு பற்றிய வரைவைக் கருத்துக்கேட்புக்கு வைத்தபோது அதே அமைப்புகளிடமிருந்து அதே அச்சம் எழுந்தது. ஆய்வுத் தொகுப்பும் ஒத்த கருத்து ஆவணமும் 2008இல் வெளிவந்து, 2016இல் புதுப்பிக்கப்பட்டன. முதற்கட்டச் சிகிச்சை சில வாரங்கள், பிறகு மறுமதிப்பீடு, முன்னேற்றம் தெரிந்தால் தொடர்வது என்பதே அவற்றின் அமைப்பு. எண்களைச் சற்று நெகிழ்த்தினார்கள், விதியைக் கைவிடவில்லை.

4. சான்று எவ்வளவு தூரம் பேசுகிறது

2017இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த தொகுப்பாய்வு, புதிதாக வந்த கீழ்முதுகு வலிக்குக் கைச்சிகிச்சை தந்த 26 சோதனைகளை எடுத்துக்கொண்டது. நூறு புள்ளி அளவுகோலில் வலி சராசரியாகப் பத்துப் புள்ளி குறைந்தது. 2019இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் நாட்பட்ட வலியைப் பற்றி வந்த ஆய்வு 47 சோதனைகளையும் 9,211 பேரையும் உள்ளடக்கியது. பரிந்துரைக்கப்படும் பிற சிகிச்சைகளுக்கு ஏறக்குறைய நிகரான பலனே அதில் தெரிந்தது. இவை சிறிய பலன்கள். வலி நிவாரண மாத்திரைகளின் பக்கவிளைவுகளை எண்ணிப் பார்த்தால், தள்ளிவிடவும் முடியாதவை. அதனால்தான் அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் மருந்தில்லாத முறைகளை முதலில் முயலச் சொல்லி, அவற்றுள் கைச்சிகிச்சையையும் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனமும் 2023 டிசம்பரில் நாட்பட்ட முதுகுவலிக்கு அதை நிபந்தனையோடு பரிந்துரைத்தது.

இந்தச் சோதனைகள் அளந்தது வலியையும் அன்றாட இயக்கத்தையும். சப்லக்ஸேஷன் கொள்கைக்கு அவை துணை நிற்கவில்லை. 2009இல் நான்கு பேர், நோய்க்காரணத்தை நிறுவ ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த அளவுகோல்களைக் கொண்டு இந்தக் கொள்கையைச் சோதித்து, அடிப்படை நிபந்தனைகள்கூட நிறைவேறவில்லை என்று எழுதினார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் அதே தொழிலைச் சேர்ந்தவர்கள் என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். தொழிலின் உள்ளிருந்து வரும் விமர்சனத்தின் நேர்மைக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

1998இல் வாஷிங்டன் மாநிலத்தில் 321 பேரிடம் நடந்த ஒரு சோதனையையும் இங்கே சேர்க்க வேண்டும். கைரோபிராக்டிக் சிகிச்சை, மெக்கன்சி முறை உடற்பயிற்சி, ஒரு சிறு புத்தகம் ஆகிய மூன்றையும் அது ஒப்பிட்டது. வலியில் வேறுபாடு சிறிது. ஆனால் சிகிச்சை பெற்ற இரு குழுவினரில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் தமக்குக் கிடைத்த கவனிப்பு மிக நன்று என்றார்கள். புத்தகம் பெற்றவர்களில் 30 விழுக்காட்டினர்தான் அப்படிச் சொன்னார்கள். ஒருவர் தொட்டுப் பார்த்து, பேசி, மறுபடி வரச் சொல்வதை நோயாளிகள் மதிக்கிறார்கள். நிறுத்தும் விதி ஏன் எழுதுவதற்கு எளிதாகவும் கடைப்பிடிக்கக் கடினமாகவும் இருக்கிறது என்பதற்கு இதுவே விளக்கம். பலன் தராத சிகிச்சையை நோயாளியே விட்டுவிடுவார் என்று நம்பியிருக்க முடியாது. அவருக்குப் பிடித்திருக்கலாம். அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லும் கடமை சிகிச்சை தருபவர்மேல் விழுகிறது.

சாதாரண நடைமுறை அந்தக் கடமையை எவ்வளவு நிறைவேற்றியது? அமெரிக்காவிலும் கனடாவிலும் கைரோபிராக்டர்களின் பதிவேடுகளைப் பரிசீலித்து ராண்ட் நிறுவன ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட முடிவில், கீழ்முதுகு வலிக்குத் தந்த கைச்சிகிச்சையில் 46 விழுக்காடு பொருத்தமானது, 25 விழுக்காடு ஐயத்துக்குரியது, 29 விழுக்காடு பொருந்தாதது.

5. எக்ஸ்ரே

நெறிமுறைப் பூசலின் இன்னொரு முனை படம் எடுப்பதைப் பற்றியது. பி. ஜே. பால்மர் 1910 வாக்கிலேயே எக்ஸ்ரேயைத் தொழிலுக்குள் கொண்டுவந்தார். பிசகைக் கண்ணால் காட்டவேண்டும் என்பது நோக்கம். 2017இல் அமெரிக்கக் கைரோபிராக்டிக் சங்கம், தேவையற்ற சோதனைகளைக் குறைக்கும் தேசிய இயக்கத்தில் சேர்ந்து ஐந்து பரிந்துரைகளை வெளியிட்டது. அபாய அறிகுறிகள் இல்லாத புதிய முதுகுவலிக்கு முதல் ஆறு வாரம் படம் வேண்டாம் என்பதும், முன்னேற்றத்தைக் கண்காணிக்க மறுபடி படம் எடுக்கவேண்டாம் என்பதும் அவற்றுள் அடங்கும். முதுகெலும்பின் வளைவை அளந்து சிகிச்சை தருவோரோ, எக்ஸ்ரேக்கு ஆதரவாகத் தமக்கென ஒரு நெறிமுறையை 2009ஆம் ஆண்டுவாக்கிலேயே தொகுத்துவைத்திருந்தார்கள்.

இங்கே சான்று ஒரு பக்கமாகச் சாய்கிறது. வலியே இல்லாதவர்களின் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வொன்று, இருபது வயதினரில் 37 விழுக்காட்டினரிடமும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினரிடமும் வட்டுத் தேய்மானம் தென்படுவதைக் காட்டியது. படத்தில் குறை தெரிவதும் வலிக்குக் காரணம் தெரிவதும் ஒன்றாகா. புற்றுநோய், எலும்பு முறிவு, கிருமித் தொற்று, சிறுநீரை அடக்க முடியாமை போன்ற சந்தேகங்கள் எழும்போது படமும் பிற சோதனைகளும் உயிர்காக்கும் என்பதை எந்த நெறிமுறையும் மறுக்கவில்லை. படத்தைக் காட்டி, இந்த வளைவு நேராகும்வரை வாருங்கள் என்று சொல்லும்போது, நிறுத்தும் விதி மறுபடியும் நோயாளியின் கையைவிட்டு நழுவிப் படத்தை அளப்பவரின் கைக்குப் போகிறது. எனக்குக் கவலை தருவது கதிர்வீச்சைவிட இதுதான்.

6. மற்ற மருத்துவர்களும் இதே இடத்தில் தடுமாறினார்கள்

கைரோபிராக்டர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. 1994 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருத்துவக் கொள்கை ஆய்வு முகமை, ஸ்டான்லி பிகோஸ் தலைமையில் புதிய முதுகுவலிக்கான நெறிமுறையை வெளியிட்டது. குழுவில் கைரோபிராக்டர்களும் இருந்தார்கள். முதல் மாதத்தில் கைச்சிகிச்சை பயனுள்ளதாகலாம் என்றும், பெரும்பாலோருக்கு அறுவை தேவையில்லை என்றும் அது கூறியது. முதுகெலும்பு அறுவை மருத்துவர்களில் ஒரு பகுதியினர் சீறினார்கள். அவர்களுள் ஒருவர் தொடங்கிய அமைப்பு, நாடாளுமன்றத்தில் அந்த முகமையையே மூடக் கோரிப் பிரசாரம் செய்தது. திருகாணிக் கருவிகள் செய்யும் நிறுவனமொன்று நெறிமுறை வெளிவராமல் தடுக்க நீதிமன்றம் போனது. 1995இல் கீழவை முகமையின் நிதியை முற்றாக நீக்க வாக்களித்தது. கடைசியில் முகமை பிழைத்தது, ஆனால் நிதி கணிசமாகக் குறைந்தது. நெறிமுறை எழுதும் பணியை அது 1996இல் கைவிட்டது.

பிரிட்டனில் நடந்தது இன்னும் வருத்தமானது. 2009 மே மாதம் தேசிய மருத்துவச் சிறப்பு நிறுவனம், நாட்பட்ட முதுகுவலிக்குக் கைச்சிகிச்சையைப் பன்னிரண்டு வாரத்தில் ஒன்பது அமர்வு வரையும், அக்குபங்சரைப் பத்து அமர்வு வரையும் தரலாம் என்றது. முதுகில் ஊசி மருந்து செலுத்துவதைத் தவிர்க்கச் சொன்னது. நெறிமுறைக் குழுவில் இருந்த பால் வாட்சன் அப்போது பிரிட்டிஷ் வலிச் சங்கத்தின் தலைவர், இயன்முறை மருத்துவர். ஊசிச் சிகிச்சை தரும் உறுப்பினர்கள் சிறப்புக் கூட்டம் கூட்டி, ஜூலையில் வாக்கெடுப்பு மூலம் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவர்மேல் இருந்த குற்றம், சான்றைப் படித்து முடிவுசெய்த குழுவில் உட்கார்ந்ததுதான். 2016இல் அதே நிறுவனம் நெறிமுறையைப் புதுப்பித்தபோது அக்குபங்சரை விலக்கியது. கைச்சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்துத் தந்தால் மட்டும் ஏற்றது. ஊசி மருந்தைப் பற்றிய மறுப்பு மாறவில்லை.

இரண்டு நிகழ்ச்சிகளிலும் எதிர்த்தோர் சான்றைப் புரியாதவர்கள் அல்லர். தங்கள் சிகிச்சை எங்கே முடிய வேண்டும் என்பதை வெளியார் சொல்வதை அவர்களால் ஏற்க முடியவில்லை. மெர்சியை எதிர்த்த கைரோபிராக்டரும், முகமையை எதிர்த்த அறுவை மருத்துவரும் இந்த ஒரு புள்ளியில் ஒத்த கருத்துடையவர்கள்.

7. வாதத்துக்குச் சவாலான ஒரு சான்று

நிறுத்தும் விதியை ஆதரிப்பவர் ஒளிக்கக்கூடாத ஆய்வு ஒன்று உண்டு. 2018இல் ஸ்வீடனில் ஆண்ட்ரியாஸ் எக்லுண்டும் சகாக்களும், விட்டுவிட்டு வரும் முதுகுவலி உடைய, முதல் சிகிச்சையில் நல்ல பலன் கண்ட 328 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வலி வந்தபோது மட்டும் வந்தார்கள். மற்றவர்கள் வலி இல்லாதபோதும் குறித்த இடைவெளியில் பராமரிப்புச் சிகிச்சைக்கு வந்தார்கள். ஓராண்டில் பராமரிப்புப் பிரிவினருக்குத் தொல்லைதரும் வலி நாட்கள் சராசரியாக 12.8 குறைந்தன. கூடுதலான வருகைகள் ஆண்டுக்கு இரண்டுக்கும் குறைவு.

பராமரிப்புச் சிகிச்சை முழுவதும் வணிகத் தந்திரம் என்று எழுதிவந்தவர்களை இது திருத்துகிறது. நானும் இதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் இந்த ஆய்வு எவரைச் சேர்த்துக்கொண்டது என்பதைப் பார்க்க வேண்டும். முதல் சிகிச்சையில் பலன் காணாதவருக்கு இதில் இடமில்லை. அதாவது முதலில் நிறுத்தும் விதியில் தேறியவர்களுக்கு மட்டுமே தொடர்வதால் நன்மை கிடைத்தது. வலி இல்லாத எல்லாரையும் வாராவாரம் வரச்சொல்லும் ஒப்பந்தங்களுக்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் இதன் முதல் நிபந்தனையைக் கத்தரித்துவிடுகிறார்கள்.

8. பில்லில் எழுதவேண்டிய நிபந்தனை

மருத்துவத் தீர்வு தெளிவாக இருந்தும் பூசல் ஓயாததற்கு ஒரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1972இல் அமெரிக்க முதியோர் காப்பீடான மெடிகேர் கைரோபிராக்டிக்கைச் சேர்த்துக்கொண்டது. கைச்சிகிச்சைக்கு மட்டும், அதுவும் எக்ஸ்ரேயில் நிரூபணமான சப்லக்ஸேஷனைச் சரிசெய்வதற்கு மட்டும் பணம் தருவதாக விதி வகுத்தது. எக்ஸ்ரே நிபந்தனை 2000 ஜனவரி முதல் நீங்கியது. சப்லக்ஸேஷன் நிபந்தனை நீங்கவில்லை.

இதன் விளைவு விபரீதமானது. நெறிமுறையைப் படித்து, வலியை அளந்து, ஆறாவது வருகையில் நிறுத்தும் கைரோபிராக்டரும் பணம் பெற வேண்டுமானால் தாம் நம்பாத ஒரு காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதே மெடிகேர், முன்னேற்றம் நின்றபின் தொடரும் பராமரிப்புச் சிகிச்சைக்குப் பணம் தராது. நோய்க்காரணம் பழைய கொள்கையிலிருந்தும், முடிவெல்லை புதிய கொள்கையிலிருந்தும் வருகின்றன. பிளவுபட்ட தொழிலின் இரு பாதிகளையும் ஒரே படிவத்தில் ஒட்டவைத்திருக்கிறது அரசு. சான்று சார்ந்த தரப்பு கல்லூரியிலும் இதழிலும் எவ்வளவு வென்றாலும், எதிர்த்தரப்பு இந்தச் சட்டப் பிரிவைச் சுட்டிக்காட்டி, நாட்டின் சட்டமே எங்கள் கொள்கையை ஏற்கிறது என்று சொல்ல முடிகிறது.

ஆகவே அடுத்த நெறிமுறையை எழுதப்போகும் குழு மருத்துவ இதழோடு நின்றுவிடக்கூடாது. கீழ்முதுகு வலிக்கு, முதல் வருகையிலும் நான்காவது வாரத்திலும் நோயாளியே நிரப்பும் வலி, இயக்க அளவீட்டைப் பணம் தருவதற்கான நிபந்தனையாக வைத்து, சப்லக்ஸேஷன் என்ற நிபந்தனையை நீக்கும் சட்டத்திருத்தத்தை அது கோர வேண்டும். முன்னேற்றம் காட்டியவருக்கு எண்ணிக்கை வரம்பை வைத்துப் பில்லை மறுக்கக்கூடாது என்ற பிரிவும் அதே திருத்தத்தில் இடம்பெற வேண்டும். 1993இல் மெர்சி நூலை எதிர்த்தவர்களின் நியாயமான அச்சத்துக்குத் தரவேண்டிய பதில் அது. முப்பது ஆண்டுகளாகியும் அவர்களுக்கு அந்தப் பதில் கிடைக்கவில்லை.